இமை கழித்த முகம்

ஆகஸ்ட் 19

தொட்டியில் தண்ணீர் இல்லை என்று காலையில் மோட்டார் போட்டேன். போட்டதை மறந்துவிட்டேன். தொட்டி நிரம்பி வழிந்து, கீழ்வீட்டுக்காரர்கள் காயப்போட்ட துணியெல்லாம் நனைந்த பிறகு அம்மா வந்து தோளைத் தட்டினாள்.

"அருவி மாதிரி கொட்டுது. உனக்குக் கேக்கவே இல்லையாடி?"

வேலையில் மூழ்கியிருந்தேன் என்றேன். பொய்யில்லை. 'ஒருகாது' இன்று முடிந்தது. பாட்டோ பேச்சோ, இரண்டு காதுக்கும் பிரித்து அனுப்பப்படும் ஒலியை ஒன்றாகக் கலந்து ஒரே பக்கத்துக்குத் தரும். அவ்வளவுதான் அதன் வேலை. கடைப்பக்கத்தில் ஏற்றும்போது 'யாருக்கு உதவும்?' என்று ஒரு கட்டம் இருந்தது, நிரப்பாமல் விடாது. 'சிலருக்கு' என்று போட்டேன்.

கீழ்வீட்டில் போய் மன்னிப்புக் கேட்டாயிற்று. அவர்கள் ஏதோ சொன்னார்கள். சிரித்துவைத்தேன்.

ஆகஸ்ட் 21

ஜெபமணி அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். பாளையங்கோட்டையில் கல்யாணப் படம் எடுக்கிறவர்களில் என் கருவியை முதலில் வாங்கியவர் அவர்தான்.

"போன் அடிச்சா எடுக்கவே மாட்டேங்கியே கோமதி."

"எழுதி அனுப்பினா உடனே பதில் போடுவேன் அண்ணாச்சி."

"எழுதுதவன் எதுக்கு கேமராவத் தூக்குதான்?" என்று உட்கார்ந்தார்.

நான் செய்யும் கருவிகள் எல்லாம் சிறியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலைதான். 'தாவி' என்று ஒன்று, பேச்சுப் பதிவில் யாரும் பேசாத இடங்களைத் தாண்டிப் போகும். 'இமை' என்று ஒன்று, ஒரு கல்யாணத்தின் ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து, யாராவது கண் மூடியிருக்கும் படங்களைத் தனியே கழித்துப் போடும். ஒரே வேலை செய்கிற பொருள் ஏமாற்றாது என்பது என் கட்சி. சென்னை அலுவலகத்தில் எல்லா வேலையும் செய்கிற ஒரு பெரிய மென்பொருளில் இருந்தேன். தினமும் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். பங்குனிக்குப் பிறகு கூட்டங்கள் ஒத்துவரவில்லை, வந்துவிட்டேன்.

அண்ணாச்சியின் தேவை இதுதான். ஆவணி முகூர்த்தம் வரிசையாகக் கிடக்கிறது, டிஸ்கில் இடம் இல்லை. "உன் மெஷின் கழிச்சத நான் எதுக்குக் கட்டிக் காக்கணும்? அதுவே அழிச்சிட்டா என்ன?"

"ஒரு தடவை பாத்துட்டு அழிக்கலாமே."

"பாக்க நேரம் இருந்தா உன்கிட்ட ஏன் வாரேன்?"

நியாயமான கேள்வி.

ஆகஸ்ட் 22

அழிக்கும் வசதி சேர்த்தாயிற்று. கேள்வி கேட்காது.

ஆகஸ்ட் 30

அண்ணாச்சி முகத்துணுக்குக் கோப்புறையை அனுப்பியிருக்கிறார். படத்தைக் கழிக்கும் முன், எந்த முகத்துக்காகக் கழித்தது என்று இமை அந்த முகத்தை மட்டும் தபால்தலை அளவில் வெட்டி வைத்துக்கொள்ளும். கணக்குப் பார்க்க எனக்கு அது வேண்டும். திறந்து பார்க்க இன்று நேரமில்லை. ஒரு கல்யாணத்தில் மட்டும் வழக்கத்தைவிட நிறையக் கழிந்திருக்கிறது. மண்டபத்தில் ஹோமப் புகை அதிகம் போல.

வேகம் நன்றாக இருக்கிறது. அண்ணாச்சி கட்டைவிரல் அனுப்பினார்.

செப்டம்பர் 3

மாத்திரை தீர்ந்துவிட்டது. திரும்ப வாங்கவில்லை. அம்மாவிடம் அது தூக்கத்துக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

ஒருகாதுக்கு முதல் விமர்சனம் வந்திருக்கிறது. 'கடவுள் இரண்டு காது கொடுத்திருக்க, இப்படி ஒன்றை யார் கேட்டது?' என்று ஒருவர். 'சில பயனர்கள் கேட்டிருந்தார்கள்' என்று பணிவாகப் பதில் போட்டேன்.

கத்திரிக்காய் வாங்கினேன், பாதி சொத்தை.

செப்டம்பர் 9

ஜெபமணி அண்ணாச்சி மறுபடி வந்தார். உட்காரவில்லை, நின்றபடியே பேசினார். வேகமாகப் பேசினார், பாதிதான் பிடிபட்டது. அவரையே குரல் பதிவாகச் சொல்லச் சொல்லி, அவர் போன பிறகு ஒருகாதில் நிதானமாகக் கேட்டேன். விஷயம் இது.

டவுனில் ஒரு பெண், பெயர் பகவதி. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை மாசானமுத்து, சங்கரன்கோவில் பக்கம். பெண்ணின் அப்பா நம்பிராஜனுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போய்விட்டது. இமைகள் மூடியே இருக்கும். வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார். மாப்பிள்ளையின் பெரியப்பா கல்யாணத்துக்கு முன்னால் வந்து, "மேடையில கண்ணாடி போட்டுக்கிடட்டும், போட்டோவுக்குப் பாக்க நல்லாருக்கும்" என்றாராம். பகவதிக்குச் சுருக்கென்றது. "கண்ணாடி வேண்டாம்ப்பா. நீங்க நீங்களாவே நில்லுங்க" என்று கழற்றி வாங்கி வைத்துக்கொண்டாள். கண்ணாடி இல்லாமல்தான் அவர் தாரை வார்த்துக் கொடுத்தார்.

மறுவீட்டுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்கு வந்திருந்தபோது அண்ணாச்சி படங்களை அனுப்பினார். எல்லோரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். சமையல்காரர் இருக்கிறார். நாதஸ்வரக்காரர் இருக்கிறார். மண்டப வாசலில் படுத்திருந்த நாய்கூட இருக்கிறது. அப்பா ஒரு படத்திலும் இல்லை. தாரை வார்க்கிற படமே இல்லை.

"பெரியப்பாதான் சொல்லி எங்கப்பாவ நீக்க வச்சிருக்காரு" என்றாளாம் பகவதி. "இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்" என்று புருசனைக் கேட்டிருக்கிறாள். அவன் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை தனியாக ஊர் திரும்பினான். பெண் இங்கேயே இருக்கிறாள். சொந்தக்காரர்கள் தங்கள் போனில் எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். "அதுல இருக்காருன்னு எனக்குத் தெரியாதா? ஆல்பத்துல ஏன் இல்ல, அதச் சொல்லுங்க" என்கிறாள்.

பதிவின் கடைசியில் அண்ணாச்சியின் குரல் உடைந்திருந்தது. "நான் எடுத்தேன் கோமதி. இந்தக் கையால எடுத்தேன். நான் சம்பந்தி பேச்சக் கேட்டு அவர விட்டுட்டேன்னு சொல்லுதாவ. உன் மெஷின்ல ஏதாவது கோளாறா, பாரேன்."

செப்டம்பர் 10

கோப்புறையைத் திறந்தேன்.

வழக்கமான முகங்கள் கொஞ்சம். தும்முகிற மாமா, கொட்டாவி விடுகிற குழந்தை. மற்றதெல்லாம் ஒரே முகம். நெற்றியில் திருநீறு, நரைத்த மீசை, மூடிய இமை. திரும்பத் திரும்ப அவரே. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் இமைக்குக் கண்ணே தெரிந்திருக்காது, விட்டிருக்கும். மகள் கழற்றச் சொன்னாள். அது பார்த்தது, கழித்தது, அழித்தது. கேமரா கார்டுகளையும் அண்ணாச்சி அடுத்த கல்யாணத்துக்காகத் துடைத்துவிட்டார்.

அண்ணாச்சிக்கு எழுதினேன்: 'கருவியில் கோளாறு எதுவும் இல்லை.'

செப்டம்பர் 11

குளிர்பெட்டியைத் துடைத்தேன். புளி ஜாடியை மாற்றினேன். நேற்று எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன், அதில் தப்பான சொல் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 12

தாவியில் ஒரு சின்னத் திருத்தம். வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 13

அம்மா டவுனுக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து சொன்னதால் முழுதும் கேட்டது.

"அந்த ஆல்பம் பிள்ளை இருக்கால்லா, அவள மாப்பிள்ளை வந்து கூப்பிட்டிருக்கான். தெருவிலயே நிக்கானாம். உள்ள வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. நின்னுட்டுப் போயிட்டான். பெரியப்பாக்காரர் சீர் சாமானத் திருப்பி அனுப்பிருவோம்ங்காராம். கல்யாணமாயி ஒரு மாசம் ஆகல. ஒரு போட்டோவுக்காகவா இப்படி?"

"போட்டோவுக்காக இல்லம்மா."

"பொறவு?"

ரசம் ஆறிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் கோபப்படுவது சரி, ஆனால் தப்பான ஆள் மேல் கோபப்படுகிறாள். சரியான ஆள் இங்கே உட்கார்ந்து ரசம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் தெரியவும் போவதில்லை.

எழுதி அனுப்பினால் போதுமா என்று யோசித்தேன். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் கருவியின் விளக்கக் குறிப்பு மாதிரி இருந்தன. அந்த வீட்டில் போய் உட்கார வேண்டும். கூட்டமாக இருக்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

அண்ணாச்சிக்கு உள்ளதைச் சொல்லிவிட்டேன். பிறகு, 'நாளை மறுநாள் அவங்க ரெண்டு வீட்டாரையும் வரச் சொல்லுதேன். நீ வா' என்று வந்தது.

செப்டம்பர் 15

பஸ்ஸில் போனேன். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டே போனேன்.

வீடு டவுனில் ஒரு சந்துக்குள். முன்னறையில் பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றியது. ஜெபமணி அண்ணாச்சி கேமராவோடு மூலையில் நின்றார். பகவதி கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். அவள் அம்மா காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். மாசானமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பா கதர்ச்சட்டையில், யார் வந்தாலும் தகராறுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். இருந்த ஒரே நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். எனக்கு இடப்பக்கம் நம்பிராஜன். கோப்புறையில் பார்த்த அதே முகம், ஆனால் பெரிதாக.

எல்லோரும் பேசினார்கள். நான் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லோரும் பேச்சை நிறுத்தி என்னையே பார்த்தார்கள். நம்பிராஜன் என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார் என்று அப்புறம்தான் புரிந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை. எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு என்னைச் சுற்றி வந்து, வலப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். காரணம் சொல்லவில்லை.

"பஸ்ல கூட்டமான்னு கேட்டேன்" என்றார்.

"இல்லய்யா" என்றேன். பிறகு நேராகச் சொல்லிவிட்டேன். "ஐயாவ யாரும் விடச் சொல்லல. பெரியப்பாவும் சொல்லல, ஜெபமணி அண்ணாச்சியும் விடல. கண் மூடியிருந்தா படத்தைத் தள்ளுற மாதிரி ஒரு மெஷின் எழுதினேன். தள்ளினதை அழிக்கவும் நான்தான் எழுதினேன். திறக்காத கண்ணும் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

பெரியப்பா தொடையைத் தட்டினார். "கேட்டியாம்மா? கேட்டியா?"

பகவதி நகரவில்லை. "நல்லாக் கதை கட்டுதீங்க. பெரியப்பாவக் காப்பாத்த ஒரு கம்ப்யூட்டர் அக்காவக் கூட்டிட்டு வந்திருக்கீங்களாக்கும். ஊர்ல இருக்க அத்தன பேரையும் விட்டுட்டு உங்க மெஷினுக்கு எங்கப்பாவ மட்டும் ஆகலயோ?"

வார்த்தையால் நம்பமாட்டாள் என்று பட்டது. மடிக்கணினியைத் திறந்தேன். அண்ணாச்சி அவளைத் தனியாக ஒரு படம் எடுத்தார். அப்பாவைப் பக்கத்தில் நிறுத்தி இன்னொன்று எடுத்தார். இரண்டையும் அவள் கண் முன்னால் இமைக்குக் கொடுத்தேன். அவள் தனியாக நின்ற படம் திரையில் நின்றது. அப்பாவோடு நின்றது ஒரு கணம் தெரிந்தது, காணாமல் போய்விட்டது.

"இன்னொரு தடவ" என்றாள்.

இன்னொரு தடவையும் போயிற்று. இந்த முறை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அதுவும் போயிற்று. அவள் முகம் எப்படி ஆயிற்று என்று எழுத எனக்கு வரவில்லை. நான் எழுதிய கருவி நான் சொன்னபடியே வேலை செய்வதை, அதனால் அடிபட்டவர்களோடு உட்கார்ந்து இதுவரை நான் பார்த்ததில்லை.

"என்னாச்சு? யாரும் சத்தமே காட்ட மாட்டேங்கீங்க?" என்றார் நம்பிராஜன்.

நான்தான் சொல்லவேண்டியிருந்தது. "போயிட்டு ஐயா. உங்க படம் போயிட்டு."

அவர் சிரித்தார். "அப்பம் மெஷின் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. என் கண்ணு தெறந்திருக்குன்னு சொன்னாத்தான் அது பொய்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பகவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு புருசனைப் பார்த்தாள். "அன்னைக்குக் கேட்டேன்லா. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

மாசானமுத்து அப்போதுதான் வாயைத் திறந்தான். "சொல்லிருப்பேன். எனக்கே பெரியப்பா மேல சந்தேகமாத்தான் இருந்துச்சு. உன்கிட்ட பொய் சொல்ல வரல."

பெரியப்பா பேச ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கண்ணாடி போடச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். காப்பியைக் கீழே வைத்தார்.

மாசானமுத்து எழுந்து மாமனாரின் மறுபக்கம் போய் நின்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "எடுங்க அண்ணாச்சி" என்று இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டான்.

"ஏ, என்னடே இது" என்றார் பெரியப்பா.

பகவதி அவனைப் பார்த்தாள். பிறகு அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். நடுவில் நம்பிராஜன் மட்டும் ஒன்றும் தெரியாமல், "எல்லாரும் வந்தாச்சா? சிரிக்கணுமா?" என்று கேட்டார். அண்ணாச்சி எடுத்தார். எடுத்த கையோடு கார்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானும் மாட்டிக்கொண்டார். "இத உன் மெஷினுக்குத் தர மாட்டேன்" என்றார் என்னிடம்.

கிளம்பும் முன் கோப்புறையைக் காட்டினேன். படங்கள் போய்விட்டன, முகங்கள் மட்டும் இருக்கின்றன, தபால்தலை அளவுதான், வேண்டுமா என்று கேட்டேன். பகவதி திரையருகே மண்டியிட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து எடுத்த வரிசையில் முகங்கள் போயின. அப்பா வாசலில் யாரையோ வரவேற்கிறார். அப்பா காது கொடுத்து மேளம் கேட்கிறார். நெற்றியில் வியர்வை. பிறகு ஓர் இடத்தில் அவள் விரல் நின்றது. வாய் கோணி, கன்னமெல்லாம் நனைந்த முகம். அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும்.

"இது தாலி ஏறும்போது" என்றாள், கீழே இருந்த நேரத்தைப் பார்த்து. "நான் குனிஞ்சில்லா இருந்தேன். அப்பா அழுததப் பாக்கவே இல்ல."

"அழலயே, யாரு அழுதா?" என்றார் நம்பிராஜன்.

"பொய் சொல்லாதீங்கப்பா. வரிசையா இருக்கு."

கல்யாணத்தில் அத்தனை பேர் இருந்தார்கள், எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அவர் முகத்தை விடாமல் பார்த்தது இமை ஒன்றுதான். கழிப்பதற்காகப் பார்த்தது.

நான் செருப்பு மாட்டும்போது பகவதி உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். மாசானமுத்து அதை வாங்கிக்கொண்டான். பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. வந்தது என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 16

இமையிலிருந்து அழிக்கும் வசதியை எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 24

இமை இனி கேள்வி கேட்கும். ஒரே முகம் திரும்பத் திரும்பக் கண் மூடியிருந்தால், 'இவர் யார்?' என்று அந்த முகத்தைக் காட்டி நிற்கும். ஆள் பார்த்துச் சொல்லாமல் மேலே நகராது. இரண்டு ஸ்டூடியோக்காரர்கள் வேகம் போய்விட்டது என்று விலகிவிட்டார்கள். ஜெபமணி அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே பார்க்கிறார்.

ஒருகாதுக்குப் பழைய விமர்சனக்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். 'சில பயனர்கள் என்றால் எத்தனை பேர்?' 'ஒருத்தி' என்று பதில் போட்டேன்.

அக்டோபர் 6

மோட்டார் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எப்போதும் எடுக்க மாட்டேன், இன்று எடுத்தேன்.

"நம்பிராஜன் பேசுதேன். வலது காதுலதான வச்சிருக்கீங்க?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "ஆமாய்யா."

"மில்லுல டெலிபோன் போர்டுல உக்காந்தே ரிட்டையர் ஆனவன்மா நான். எதிராளிக்குக் கேக்கலன்னா தெரிஞ்சிரும். அன்னைக்கு உங்க இடது பக்கமிருந்து பேசினது சுவத்துகிட்ட பேசின மாதிரி இருந்துச்சு."

ஆல்பம் வந்துவிட்டதாம். முதல் பக்கத்தில் மூன்று பேரும் கண் மூடி நிற்கிற படம். கடைசிப் பக்கத்தில் அந்தச் சின்ன முகங்கள் வரிசையாக. பகவதி அவர் விரலைப் பிடித்து ஒவ்வொன்றின் மேலும் வைத்து, இங்கே சிரிக்கிறீர்கள், இங்கே அழுகிறீர்கள் என்று சொன்னாளாம்.

"அழுதத மறைச்சிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன். அம்புட்டும் அவளுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார். குரலில் வருத்தம் இல்லை. பிறகு, "காது கேக்காதத வீட்ல சொல்லியாச்சா?" என்று கேட்டார்.

"இல்லய்யா."

"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

போனைக் கீழே வைத்தபோது அம்மா அடுக்களை வாசலில் நின்று என் இடப்பக்கமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் அசைவது தெரிந்தது. வழக்கமாகச் சிரித்துவைப்பேன்.

"அம்மா, அந்தக் காது கேக்காது. பங்குனியில இருந்தே கேக்கல. இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்றேன்.

அம்மா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்புறம் என் நாற்காலியைச் சுற்றி வலப்பக்கம் வந்து, குனிந்து, என் தலைமேல் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"தொட்டி நெறைஞ்சிட்டுடி. மோட்டார நிறுத்து."